குழந்தை உழைப்பை அடகு வைத்தல்: சட்ட வரலாறும் விழிப்புணர்வும்

முன்னுரை

நிலத்தையும் நகையையும் அடகு வைப்பது போலவே குழந்தையின் உழைப்பையும் அடகு வைத்துக் கடன் பெறும் வழக்கம் இந்தியாவில் நிலவி வந்துள்ளது. பெற்றோர் முன்பணம் பெறுவர். கடன் தீரும்வரை குழந்தை உழைக்கும். இவ்வழக்கத்தைத் தடுக்க 1933 முதல் இயற்றப்பெற்ற சட்டங்களின் போக்கினையும், அவை பயன் தருவதற்குப் பொதுமக்களின் விழிப்புணர்வு எவ்வாறு இன்றியமையாததாகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விட்லி ஆணையம்

1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. எனினும் அச்சட்டம் பெரிய ஆலைகளுக்கே பொருந்தியது; பீடி, கம்பளம் முதலியன உருவாகும் சிறு பட்டறைகள் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஜே.எச். விட்லி தலைமையில் 1929இல் அமைக்கப்பெற்ற தொழிலாளர் அரச ஆணையம் 1931இல் அளித்த அறிக்கை இப்பட்டறைகளின் நிலையை வெளிக்கொணர்ந்தது. ஐந்து வயதுக் குழந்தைகளும் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்தமையை அது சுட்டியது. அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை என ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இடங்களில் குழந்தை உழைப்பு அடகு வைக்கப்பெற்றமைக்கும் ஆணையம் சான்று கண்டது.

1933ஆம் ஆண்டுச் சட்டம்

இவ்வறிக்கையின் பயனாகக் குழந்தைகள் (உழைப்பு அடகு) சட்டம் 1933இல் பிறந்தது. 15 வயதுக்குட்பட்டோரின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம், எழுத்தில் அமைந்தாலும் வாய்மொழியாக அமைந்தாலும், செல்லாது என அது அறிவித்தது. அவ்வாறு ஒப்பந்தம் செய்யும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும், வேலைக்கு அமர்த்துவோருக்கு 200 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அது வகை செய்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ஒப்பந்தத்தை அறிந்தோர் இருவரே: பணம் கொடுத்தவர், பணம் பெற்றவர். சட்டத்தின் முன் இருவருமே குற்றவாளிகள். ஆகவே முறையிட வேண்டிய பெற்றோரே அஞ்சி வாய்மூடி இருக்க நேர்ந்தது. மேலும், குழந்தையை அடகு வைக்கத் தூண்டிய வறுமைக்கும் கடனுக்கும் இச்சட்டம் தீர்வு கூறவில்லை.

கடனிலிருந்து விடுதலை

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இக்குறையை ஒருவாறு நீக்கியது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையே அது அழித்தது. கடனாளியின் குடும்பத்தினர் செய்யும் உழைப்பும் அதன் வரையறையில் அடங்கும். பெற்றோர் குற்றவாளி என்ற நிலை மாறி, விடுவிக்கப்பட வேண்டியவர் என்ற நிலை உருவாயிற்று. ஆயின் தம் கடன் செல்லாது என்பதை அறியாத பெற்றோருக்கு இச்சட்டத்தால் விளையும் பயன் யாது? விழிப்புணர்வின் தேவை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

மக்கள் முயற்சிகள்

ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் நிலை குறித்துப் பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய மடலையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பு வழங்கியது. 1994இல் தொடங்கிய 'ரக்மார்க்' முத்திரை, குழந்தை உழைப்பின்றி நெய்யப்பெற்ற கம்பளத்தை வாங்குவோர் இனங்காண உதவியது. அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவும் எம்.வி. அறக்கட்டளையும் பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே என்னும் கொள்கையை ஊர்தோறும் எடுத்துச் சென்றனர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்துவதை எல்லாத் தொழில்களிலும் தடை செய்தது. எனினும் பள்ளி நேரத்திற்குப் புறம்பே குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கினையும் அளித்தது. வீட்டிற்குள்ளேயே நடைபெறும் பீடி சுற்றுதல் போன்ற பணிகளில் இவ்விலக்கு சுரண்டலை மறைக்கும் திரையாகலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன:

1. குழந்தைச் சுரண்டலின் வேர் பெரும்பாலும் முன்பணத்தில் உள்ளது.

2. பெற்றோரை மட்டும் பழித்தல் குற்றத்தை மறைக்கவே துணைபுரியும்.

3. கொத்தடிமைக் கடன் செல்லாது. மாவட்ட ஆட்சியரிடமோ 1098 என்னும் எண்ணிலோ முறையிடலாம். இச்செய்தி கடன் வாங்கும் குடும்பத்தைச் சென்றடைதல் வேண்டும்.

4. அண்டை வீட்டார், ஆசிரியர், பொருள் வாங்குவோர் ஆகியோரின் கவனமே சட்டத்தின் கண்ணாக அமைகிறது. பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே தொடர்ந்து விடுப்பு விழுமாயின், அதன் காரணத்தை உடனே வினவுவதே தடுப்பின் முதற்படியாகும்.