கைமாறும் அலைகள்: மெஷ் வைஃபையின் பூர்வ சரித்திரம்

இன்று ஒரே அட்டைப்பெட்டியில் இரண்டாகவும் மூன்றாகவும் அடுக்கி விற்கப்படும் மெஷ் வைஃபை ரவுட்டர்களை வாங்கி வருகிறவர்கள், கூடத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, கடைசி அறையில் ஒன்று என்று வைத்து, மொபைலில் தோன்றும் குறிப்புகளின்படி சில முறை விரலால் தொட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சிறு பெட்டிகளுக்குப் பின்னால் அறுபது வருஷத்துச் சரித்திரம் ஒன்று இருக்கிறது. யுத்த பீதியில் கருக்கொண்டு, சமுத்திரத்தின் நடுவே தீவுகளில் தவழ்ந்து, சர்வகலாசாலை மாணவர்களின் கூரைகளில் வளர்ந்த அந்தச் சரித்திரத்தை அறிந்தவருக்கே, எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே வைப்பது என்ற விவேகம் தானாக அமையும் என்பது என் துணிபு.

அணுகுண்டு விழுந்து தொலைபேசி நிலையங்கள் சில அழிந்தால் தேசத்தின் பேச்சு முழுவதுமே நின்றுபோகுமே என்ற கவலை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவை வாட்டியது. அக்காலத்தில் ராண்ட் ஸ்தாபனத்தில் பணியாற்றிய பால் பாரன் என்ற என்ஜினீயர், மையம் என்று ஒன்றே இல்லாமல், ஒவ்வொரு நிலையமும் தன் அண்டை நிலையங்கள் சிலவற்றோடு பிணைக்கப்பட்டு, செய்தியைச் சிறு துண்டுகளாக வாங்கி அடுத்ததற்குக் கொடுத்துக்கொண்டே போகும் ஓர் அமைப்பை 1964-ல் வெளியான தம் அறிக்கைகளில் விவரித்தார். ஒரு நிலையத்திலிருந்து மூன்று நான்கு வழிகள் பிரிந்தாலே போதும், பல நிலையங்கள் அழிந்த பிறகும் எஞ்சியவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். மெஷ் என்ற தத்துவத்தின் வேர் அங்கே இருக்கிறது.

பாரன் வகுத்தது பொதுவான ஒரு தத்துவம். கணிப்பொறிகள் ஆகாயத்தின் வழியே பேசும் வித்தை தோன்றியதோ ஹவாய்த் தீவுகளில். வெவ்வேறு தீவுகளில் சிதறிக் கிடந்த கல்லூரிகளை ஓவாஹு தீவிலுள்ள பெரிய கணிப்பொறியோடு இணைக்க விரும்பிய நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும், தொலைபேசிக் கம்பியை நம்பாமல் ரேடியோ அலையைத் துணைக்கொண்டு, 1971-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அலோஹாநெட் என்ற அமைப்பை இயங்கச் செய்தார்கள். ஒரே அலைவரிசையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்போது இருவர் ஏககாலத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெட்டுவிடும். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் வியக்கத்தக்க எளிமை உடையது: பதில் வராவிட்டால், முன்கூட்டி நிச்சயிக்காத சிறு இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் பேசு என்பதே அது. அதன் முதல் வடிவில் அலைவரிசையின் முழுத் திறனில் ஏறத்தாழ 18 சதவீதந்தான் பயன்பட்டது. ஆயினும், பேசுவதற்கு முன் பிறர் பேசுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளும் மரியாதையையும் சேர்த்துக்கொண்டு, அதே விதிதான் இன்று நம் வீட்டு வைஃபையையும் ஆளுகிறது.

ஹவாயில் எல்லாப் பேச்சும் ஒரே மையத்துக்குப் போய்த் திரும்பியது. மையத்தின் குரல் எட்டாத இடத்துக்கும் செய்தியைக் கொண்டுசெல்ல, வழியில் இருக்கும் ரேடியோக்களே தூது போகவேண்டும் என்ற எண்ணத்தை டார்பா என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனம் 1973-ல் ஆராயத் தொடங்கி, பின்னர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பிரதேசத்தில் பரிசோதித்தது. தீப்பற்றிய கூரைக்கும் கிணற்றுக்கும் இடையே ஊரார் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவதுபோல், மலைமுகடுகளில் நிறுத்தப்பட்ட ரேடியோக்கள் செய்தித் துண்டுகளை வாங்கி அனுப்பின. 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி, போர்ட்டோலா வேலி என்ற ஊரின் மதுச்சாலை ஒன்றின் வெளியே வேனை நிறுத்தி, மேஜை ஒன்றின்மேல் வைத்த கருவியிலிருந்து அனுப்பிய செய்தி, இந்த ரேடியோ வலையைத் தாண்டி ஆர்பாநெட் என்ற கம்பி வலைக்குள் பிரவேசித்தது. இரு வேறு வலைகள் ஒன்றாய்ப் பேசிய ஆரம்ப சம்பவங்களில் அது பிரசித்தமானது.

இவை யாவும் ராணுவத்துக்கும் சர்வகலாசாலைக்கும் உரியவையாய் இருந்த நிலை 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாறியது. மைக்ரோவேவ் அடுப்புகளின் இரைச்சலால் பிறவற்றுக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டிருந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட மூன்று அலைவரிசைப் பிரதேசங்களில், லைசென்ஸ் பெறாமலே எவரும் குறிப்பிட்ட முறையில் செய்தி அனுப்பலாம் என்று அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் அனுமதித்தது. கடைகளில் பணம் வாங்கும் இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க விரும்பிய என்.சி.ஆர். கம்பெனி இதைப் பயன்படுத்திக்கொண்டது. அதன் நெதர்லாந்துக் கிளையைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் என்பவர் தலைமையில், பல கம்பெனிகளின் என்ஜினீயர்கள் கூடி உருவாக்கிய 802.11 என்ற பொது விதி 1997-ல் வெளியாயிற்று. விநாடிக்கு 2 மெகாபிட் என்றிருந்த வேகம் 1999-ல் 11 ஆயிற்று. வைஃபை என்ற பெயரும் அவ்வாண்டில் சூட்டப்பட்டது.

மலிவாகிவிட்ட அந்த வைஃபை அட்டைகளைக்கொண்டு மெஷ் தத்துவத்துக்குப் புத்துயிர் அளித்தவர்கள் கேம்பிரிட்ஜ் நகரத்து எம்.ஐ.டி. மாணவர்கள். தன்னார்வமுள்ள வீட்டுக்காரர்களின் கூரைகளில் ஆண்டெனாக்களை நட்டு, எவ்விதத் திட்டமும் இன்றிக் கிடைத்த இடத்தில் கிடைத்தபடி வளரவிட்ட அந்த ரூஃப்நெட் அமைப்பில், 2005-ல் வெளியான ஆய்வின்படி, நான்கு சதுர கிலோமீட்டரில் 37 நிலையங்கள் இருந்தன. செய்தி சராசரியாக மூன்று முறை கைமாறியும் விநாடிக்கு 627 கிலோபிட் வேகம் கிடைத்தது. இவர்கள் கண்ட உண்மை வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்கத்தக்கது. கைமாற்றங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றே அதுவரை கருதப்பட்டது. ஆனால் அப்படித் தேர்ந்த வழியில் ஒவ்வொரு தாவலும் நெடுந்தூரத்ததாய், பலவீனமானதாய் இருந்து, அதே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டி வந்தது. ஆகவே, தாவல்களை எண்ணாமல், செய்தி போய்ச் சேர மொத்தம் எத்தனை முறை அனுப்பவேண்டியிருக்கும் என்பதை எண்ணி வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர்கள் 2003-ல் வெளியிட்டார்கள். நீண்டு நலிந்த ஒரு தாவலைவிடக் குறுகித் திடமான இரண்டு தாவல்கள் பல சமயங்களில் மேலானவை என்பது நிரூபணமாயிற்று.

நம் தேசத்திலும் இந்த முயற்சிகள் வேரூன்றின. வீட்டுக்கு வெளியே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்த லைசென்ஸ் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் இந்திய சர்க்கார் அறிவித்ததைத் தொடர்ந்து, திபெத்திய அகதிகள் வாழும் தர்மசாலாவில் மெஷ் வலை ஒன்று எழுந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையோ, அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களின் துணையோடு, வைஃபையை நெடுந்தூரத்துக்கு ஏற்பத் திருத்தி, சுற்றுப்புறத்துப் பார்வை மையங்களுக்கு வரும் கிராமவாசிகளை டாக்டர்கள் தேனியில் இருந்தபடியே திரையில் கண்டு ஆலோசனை கூற வழிசெய்தது. இவ்விரு இடங்களின் அனுபவத்தை ஆராய்ந்தவர்கள், கருவிகளை அடிக்கடி முடக்கியது சீரற்ற மின்சாரமே என்று கண்டார்கள்.

வீட்டுக்குள் மெஷ் புகுந்தது 2016-ல். அவ்வாண்டு பிப்ரவரியில் ஈரோ கம்பெனியின் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ஆண்டு முடிவதற்குள் நெட்கியர் ஆர்பியும் கூகுள் வைஃபையும் தொடர்ந்தன. கைமாற்றுவோனின் பழைய சங்கடமும் கூடவே வந்தது: ஒரே ரேடியோவால் வாங்குவதையும் கொடுப்பதையும் ஏககாலத்தில் செய்ய இயலாதாகையால், கம்பியின்றி ஒரு முறை கைமாறினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதைத் தீர்க்கவே ஆர்பி, பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்று தனி ரேடியோ ஒன்றைச் சேர்த்தது; ட்ரைபேண்ட், அதாவது மூன்று ரேடியோ உடையவை, என்று விளம்பரம் செய்யப்படுபவற்றில் அந்த மூன்றாவது ரேடியோ இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது உத்தமம். வெவ்வேறு கம்பெனிகளின் பெட்டிகள் சேர்ந்து உழைப்பதற்காக 2018-ல் வகுக்கப்பட்ட ஈஸிமெஷ் என்ற பொதுவிதிக்கு இசைந்ததா என்றும் விசாரிக்கவேண்டும்.

வைக்கும் இடமும் இந்தச் சரித்திரம் போதிப்பதே. சிக்னல் அறவே வராத மூலையில் இரண்டாவது பெட்டியை வைப்பது ரூஃப்நெட் மாணவர்கள் கண்டித்த நீண்டு நலிந்த தாவலை நாமே உண்டாக்குவதாகும்; முதல் பெட்டிக்கும் அந்த மூலைக்கும் நடுவே, சிக்னல் இன்னும் திடமாக இருக்கும் இடத்தில் அதை வைக்கவேண்டும். இரும்பு பீரோவும், நிலைக்கண்ணாடியும், கம்பி பதித்த கான்கிரீட் தளமும் அலையை மறிப்பவை. மாடிப்படி வழியே அலைக்குத் திறந்த பாதை கிடைக்கும். பெட்டிகளைத் தேவைக்கு மேல் நிறைத்தால் அவை ஹவாய்க்காரர்களைப்போல் ஒன்றன் பேச்சில் ஒன்று குறுக்கிடும். மின்சாரம் தடைப்படும் ஊர்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் சிறு யு.பி.எஸ். அவசியம்.

யுத்தத்துக்கென்று எண்ணப்பட்டது வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், ஆகாயத்தின் ஒரு பகுதி எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்டதும், அறிந்தவர்கள் தாம் அறிந்ததை ஒளிக்காமல் வெளியிட்டதுமே ஆகும். புதிதாக வீடு கட்டுவோருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: சுவர் பூசுவதற்கு முன், கூடத்திலிருந்து மாடிக்கும் கடைசி அறைக்கும் ஈதர்நெட் கேபிள் செல்லும்படி குழாய் பதித்துவிடுங்கள்; பெட்டிகளுக்கிடையே கம்பி ஓடும் மெஷ்ஷைவிட வேகமான மெஷ் இன்றுவரை இல்லை.