டைமிங் பெல்ட் மாற்றியதும் டீசல் கார் உதறுதா? ரேஸ் பண்ணாதீங்க!

காஞ்சீபுரம் மாவட்டத்தில் அப்போது இருந்த மறைமலைநகரில் 2010 முதல் தயாரானது போர்டு பிகோ டீசல் கார். 2022-ல் அங்கு கார் உற்பத்தி நின்றாலும், பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

இதன் 1.4 லிட்டர் என்ஜினில் கிராங்க் சுற்றுவதற்கு ஏற்ப கேமை சுற்ற வைப்பது டைமிங் பெல்ட்தான். புது பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வால்வு திறக்கும் நேரம் தவறும். வண்டி உதறும், புகை தள்ளும், பிக்-அப் குறையும். பல பல் தள்ளிப்போனால் பிஸ்டன் இடித்து வால்வு வளையும். அப்புறம் என்ஜினையே பிரிக்கணும்.

எனவே முதலில் என்ஜினை நிறுத்தணும். கிராங்க்கை ஸ்பேனர் போட்டு கையால் 2 சுற்று சுற்றி, மார்க் சேருதா என்று மெக்கானிக்கை பார்க்கச் சொல்லணும். மார்க் சரி என்றால் டீசல் லைனில் காற்று, இன்ஜெக்டர் சாக்கெட், கேம் சென்சார் வயர் என ஒவ்வொன்றாக பார்க்கலாம்.