பக்கவாதச் செவிலியம்

மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ திடீரெனச் செயலிழந்து விழுந்தவரை, முதல் மணி நேரத்திலிருந்து மீண்டும் எழுந்து உட்காரும் வரை கவனித்துக்கொள்ளும் பணி பக்கவாதச் செவிலியம். நினைவுநிலையைக் கணிப்பது, விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, காய்ச்சலையும் சர்க்கரையையும் பார்ப்பது, மலசலம் கழிக்க உதவுவது எல்லாம் இதில் அடங்கும். மருத்துவ வரலாறுகள் இப்பணியை மருந்துக்கும் அறுவைக்கும் பின்வரிசையிலேயே வைத்து வந்திருக்கின்றன. ஆனால் எண்ணிப் பார்த்த இடங்களில் கிடைத்த சான்று வேறு விதமாக இருக்கிறது. பக்கவாதத்தில் பெரும்பாலோருக்குப் பயன்பட்ட முதல் சிகிச்சையே இந்தக் கவனிப்புதான்.

சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர், இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, திடீர் வாதத்துக்கு மூளையில் கசிந்த ரத்தமே காரணமாகலாம் என்று 1658இல் எழுதினார். காரணம் தெரிந்தும் அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கு மருத்துவர் கையில் உருப்படியான வைத்தியம் இல்லை. முதல் சில நாட்களைத் தாண்டிய நோயாளியும் படுக்கைப் புண், புரையேறியதால் வந்த நிமோனியா, சிறுநீர்த் தொற்று என்று ஒவ்வொன்றாய்ச் சிக்கி இறந்தார். இவை மூளை நோயின் நேரடி விளைவுகள் அல்ல; அசையாமல் கிடந்ததன் விளைவுகள். படுக்கைப் புண் வந்தால் குற்றம் பெரும்பாலும் நோயிடம் இல்லை, பராமரிப்பிடம் இருக்கிறது என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வாதிட்ட அதே காலத்தில், 1860இல், லண்டன் குயின் ஸ்கொயரில் வாத, வலிப்பு நோயாளிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை எட்டுப் படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. வாதத்தில் விழுந்த பாட்டியைப் பராமரித்த சாண்ட்லர் குடும்பத்துப் பிள்ளைகள் அதன் பின்னணியில் இருந்தார்கள். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நரம்பியல் நிறுவனமான அதன் வேர், ஒரு வீட்டுப் படுக்கையறையில் இருக்கிறது.

திருப்பம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. இங்கிலாந்தின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1935இல் மார்ஜரி வாரன் பொறுப்பேற்ற விடுதியில், தீராத நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட நூற்றுக்கணக்கானோர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். பக்கவாதம் வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் படுக்கையை விட்டு எழுப்பி உட்கார வைத்ததிலிருந்து தொடங்கிப் பலரை வீட்டுக்கே அனுப்பினார் வாரன். 1944இல் ஸ்டோக் மாண்டெவில்லில் லுட்விக் குட்மன், தண்டுவடம் முறிந்த வீரர்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொன்னார். அதுவரை சில மாதங்களில் சாவது விதி என்றிருந்த நிலை மாறியது. தோலைக் காக்க எதைப் பூசித் தேய்ப்பது என்று ஒவ்வொரு வார்டும் தனக்கென ஒரு பழக்கம் வைத்திருந்த காலம் அது. டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் 1962இல் வெளியிட்ட ஆய்வு, பூசும் பொருளைவிட உடலின் அழுத்தத்தை அவ்வப்போது மாற்றுவதே புண்ணைத் தடுக்கிறது என்று காட்டியது. கைப்பழக்கம் அறிவியலானது இங்கேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1974இல் வந்த கிளாஸ்கோ கோமா அளவுகோல், கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு மூன்றையும் எண்ணாக்கி, இரவுப் பணியில் இருப்பவர் பார்த்ததைக் காலையில் வருபவர் ஐயமின்றிப் புரிந்துகொள்ள வழிசெய்தது.

பலன் தந்தது செவிலியரின் கவனிப்புதான் என்பதற்குக் கடுமையான எதிர்வாதம் ஒன்று உண்டு. நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் 220 பேரை வைத்து நடந்து 1991இல் வெளியான சோதனையில், பக்கவாத நோயாளிகளுக்கென்ற தனிப்பிரிவில் சேர்ந்தவர்களில் 56 விழுக்காட்டினர் ஆறாவது வாரத்தில் வீட்டில் இருந்தார்கள். பொது வார்டில் சேர்ந்தவர்களில் 33 விழுக்காட்டினர்தான். இப்படிப்பட்ட பத்துச் சோதனைகளைத் தொகுத்த 1993ஆம் ஆண்டு ஆய்வும் தனிப்பிரிவில் இறப்பு குறைவதைக் காட்டியது. ஆனால் அங்கே மருத்துவர், இயன்முறை வல்லுநர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் இருந்தார்களே, பெருமையைச் செவிலியருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? நியாயமான கேள்வி. அந்தச் சோதனைகள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி புழக்கத்துக்கு வருமுன் நடந்தவை என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதிலை ஆஸ்திரேலியச் செவிலியர் சாண்டி மிடில்டன் தந்தார். ஏற்கெனவே இயங்கிவந்த 19 பக்கவாதப் பிரிவுகளில் சிலவற்றில் மட்டும் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் கவனிக்கச் செவிலியருக்கு நெறிமுறை வகுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். புது மருந்தோ புதுக் கருவியோ இல்லை. 2011இல் வெளியான முடிவின்படி, 90ஆம் நாளில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 விழுக்காடு, மற்றவற்றில் 58.

1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசியும், 2015இல் உறுதிப்பட்ட, குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையும் வந்தபின் செவிலியம் துணைவேலையாகிவிட்டது என்பாரும் உண்டு. அந்தச் சிகிச்சைகளுக்கு நேரத்தில் வந்து சேர்பவர் சிலரே. ரத்தக்கசிவு வாதத்துக்கு அந்த ஊசியே கூடாது. ஊசி போட்டவருக்கும் முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு ஒரு நாள் முடியும் வரை மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் நரம்பு நிலையும் பார்க்க வேண்டும். மருந்து வந்ததால் வேலை கூடியிருக்கிறது.

ஆனால் கவனிப்பு கூடினால் பலனும் கூடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2104 பேர் பங்கேற்ற அவெர்ட் சோதனை, முதல் நாளிலேயே அடிக்கடி, நீண்ட நேரம் எழுப்பி நடமாட வைத்தவர்கள் மூன்று மாதத்தில் சற்றுப் பின்தங்கியதை 2015இல் காட்டியது. வாரனின் வழியே ஆனாலும் அளவும் நேரமும் பார்க்க வேண்டியிருக்கிறது. தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பதா உயர்த்துவதா என்ற பழைய வழக்கிலும், 11,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு 2017இல் இரண்டுக்கும் வேறுபாடில்லை என்றது. இந்தியாவுக்கு நெருக்கமானது அதே ஆண்டு வெளியான அட்டெண்ட் ஆய்வு. செவிலியரும் இயன்முறையாளரும் போதாத நாட்டில் குடும்பத்தாருக்கே மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்தால் என்ன என்று 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தோ சார்ந்தோ இருந்தவர்கள் இரு பக்கமும் 47 விழுக்காடு. மனைவியும் மகளும் தாங்கும் பாரத்தைக் காட்டி வார்டில் செவிலியர் எண்ணிக்கையைக் குறைக்க நினைப்பவருக்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்காது.