தேனி அரவிந்த் கம்பியில்லா வலையமைப்பு

தேனி அரவிந்த் கம்பியில்லா வலையமைப்பு என்பது தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் பார்வை மையங்களுடன் இணைக்க 2000களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்ட தொலைமருத்துவ வலையமைப்பு ஆகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வுக் குழு இதன் தொழில்நுட்பத்தை வடிவமைத்தது.

பயன்

பார்வை மையத்தில் பணியாளர் கண்ணைப் பரிசோதித்த பின், மருத்துவர் தேனியிலிருந்தே நிகழ்படம் வழியாக நோயாளியுடன் பேசுவார். இணைப்பு அறுந்தால் நோயாளி நகருக்குப் பயணிக்க வேண்டியிருக்கும்.

தொலைவுச் சிக்கல்

வை-ஃபை நெறிமுறை குறுந்தொலைவுக்கென வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் மறுமுனை ஒப்புகை அனுப்ப வேண்டும். பல கிலோமீட்டர் தொலைவில் ஒப்புகை தாமதமாவதால், பொதி தொலைந்ததாகக் கருதி அதுவே மீண்டும் அனுப்பப்படும். இதனால் வேகம் குறையும். இரு முனைகளும் நேரப் பங்கீட்டின்படி மாறி மாறி அனுப்பும் முறை இதற்குத் தீர்வானது. இம்முறை 2007 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியானது.

மின்வழங்கல் சிக்கல்

பழுதுகளுள் பெரும்பாலானவை மின்வழங்கலால் நேர்ந்தவை என ஆய்வுக் குழு 2008 இல் தெரிவித்தது. மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் கருவிகள் எரிந்துவிடும். குறைந்தால் ரவுட்டர் எனப்படும் திசைவி செயலற்று நிற்கும். நினைவக அட்டையும் பழுதாகும். குறை மின்னழுத்தத்தில் தானே துண்டிக்கும் மின்சுற்று இதற்குத் தீர்வாகப் பயன்பட்டது. எனவே இணைப்பு நின்றால், ஆன்டெனாவைத் திருப்புவதற்கு முன் மின்வழங்கலைச் சோதிப்பது நன்று.