கோடா, வீக்கமா? திரையெழுத்தின் புறக்கோடு குறித்து

எழுத்தைச் சுற்றி ஓடும் புறக்கோட்டின் வரலாற்றைப் பெயர்ப்பலகை ஓவியரின் தூரிகையிலிருந்து தொடங்குவது எளிது. லெவ் மனோவிச்சின் ‘சாஃப்ட்வேர் டேக்ஸ் கமாண்ட்’ (2013) நூலைப் படித்தவருக்கு அந்தத் தொடக்கம் இயல்பாகவே தோன்றும். ஆலன் கேயும் அடேல் கோல்ட்பர்க்கும் 1977இல் எழுதிய கட்டுரையை அடியொற்றிச் செல்லும் நூல் அது. கணினி பழைய ஊடகங்களை முதலில் போலச்செய்கிறது, பிறகு அவற்றுக்கு இல்லாத பண்புகளை அவற்றின்மேல் ஏற்றுகிறது என்பது மனோவிச்சின் மைய வாதம். போட்டோஷாப்பின் அடுக்குகளையும் வடிகட்டிகளையும் அவர் இந்தக் கண்ணோடுதான் அணுகுகிறார். பௌதிக ஊடகத்தில் முன்மாதிரியே இல்லாத உத்திகளும் உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதை மறைத்துவிட்டு அவரோடு வாதாடுவது நேர்மையல்ல.

ஆனால் அந்தச் சட்டகத்தைப் புறக்கோட்டின்மேல் வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. ஓவியர் எழுத்தின் விளிம்பை ஒட்டித் தூரிகையை ஓட்டுகிறார். அங்கே கோடு என்பது ஒரு கையசைவு. தொடக்ககாலக் கணினித் திரையில் அப்படி ஒரு அசைவே நிகழவில்லை. இதற்கு நான் முன்வைக்கும் சான்று ஒரேயொரு வாக்கியம்.

மேக்கின்டாஷ் கணினி 1984 ஜனவரியில் வெளியானது. பில் அட்கின்சன் எழுதிய குயிக்டிரா என்ற வரைகலை நிரல்தொகுதி, தடித்த எழுத்து, சாய்வு, அடிக்கோடு, புறக்கோடு, நிழல் ஆகிய பாணிகளை எந்த எழுத்துருவுக்கும் அப்போதே கணக்கிட்டுத் தந்தது. மேக்பெயின்ட் என்ற ஓவிய நிரலின் பாணிப் பட்டியில் இவை வரிசையாக நின்றன. நிரலாளர்களுக்கான கையேடான ‘இன்சைட் மேக்கின்டாஷ்’ முதல் தொகுதி இவற்றை விவரிக்கும் இடத்தில், போகிறபோக்கில் ஒரு செய்தியைச் சொல்லிச் செல்கிறது: புறக்கோட்டையோ நிழலையோ தடித்த பாணியோடு சேர்த்துக் கேட்டால், எழுத்தின் உள்ளிருக்கும் வெற்றிடம் அகலமாகும்.

வெற்றிடம்தான் அகலமாகிறது, கோடு அல்ல. இதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. புறக்கோடு கையால் தீட்டிய கோட்டின் போலி என்றால், ‘தடி’ என்ற கட்டளை கோட்டைத் தடிக்கச் செய்திருக்க வேண்டும். இங்கே நிகழ்வது வேறு. முதலில் எழுத்தின் புள்ளிகள் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு உடல் பருக்கிறது. பருத்த உடலைச் சுற்றி ஒரு புள்ளி அளவுக்கு விளிம்பு எழுகிறது. அதன்பின் உடல் அழிக்கப்படுகிறது. மை இருந்த இடமே வெற்றிடமாக மிஞ்சுகிறது. அது ஏற்கெனவே பருத்திருந்ததால் வெற்றிடமும் அகலமாகவே இருக்கிறது. வீங்கிய உருவிலிருந்து மூல உருவைக் கழித்தால் கிடைக்கும் மிச்சத்துக்குத்தான் இங்கே கோடு என்று பெயர். ஆகவே அது முழுக்க முழுக்க மூல எழுத்துக்கு வெளியே நிற்கிறது.

இதற்கு நேர் எதிரானது போஸ்ட்ஸ்கிரிப்ட் மரபு. அடோபியின் அந்த மொழியில் எழுத்து என்பது ஒரு பாதை. பாதையின்மேல் கோடு ஓடுகிறது. நான்கு புள்ளி அகலக் கோட்டில் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. நிரப்பிய எழுத்தின்மேல் இந்தக் கோட்டைப் போட்டால் அது உடலைத் தின்கிறது. 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டரில் கோடில்லாத நகலொன்றை மேலே வைத்து இதைச் சமாளித்தார்கள். இணையப் பக்கங்களின் சிஎஸ்எஸ்ஸில் கோட்டை முதலில் தீட்டி நிரப்பலைப் பிறகு போடச் சொல்லும் பண்பும் இதே நோய்க்கான மருந்துதான். தூரிகையின் போலி என்று எதையேனும் அழைக்கலாமென்றால், இந்த மரபை அழைக்கலாம். மனோவிச்சுக்கு அந்த அளவு இடம் தரத் தயார்.

போட்டோஷாப் எந்த மரபைச் சேர்ந்தது? அதை அடோபி உருவாக்கவில்லை என்றாலும், 1990இல் வெளியிட்டது போஸ்ட்ஸ்கிரிப்டின் தாய்நிறுவனமே என்பதால் விடை வெளிப்படை போலத் தெரியும். 1998இல் வந்த 5.0 பதிப்பு அடுக்குகளுக்கு நிழல், ஒளிர்வு, புடைப்பு ஆகிய விளைவுகளைக் கொடுத்தது. ஸ்ட்ரோக் எனப்படும் புறக்கோட்டு விளைவு அதில் இல்லை. அது 2000இல், 6.0 பதிப்பில் வந்தது. அதே பதிப்பில்தான் எழுத்தும் பாதை வடிவத்தைத் தக்கவைத்துக்கொள்ளத் தொடங்கியது. பாதை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் புதிய ஸ்ட்ரோக் அதைத் தொடவில்லை. அடுக்கின் ஒளிபுகும் தன்மையைத்தான் அது பார்க்கிறது. கத்தரித்து ஒட்டிய புகைப்படத்துக்கும் தட்டச்சிட்ட எழுத்துக்கும் அதே விளைவு, அதே முறையில் கிடைப்பது அதனால்தான். தொடக்க அமைப்பில் கோடு ‘வெளியே’ என்றே வைக்கப்பட்டிருந்தது. வெளிப்புறக் கோட்டின் அகலத்தைக் கூட்டினால் எழுத்தின் கூர்முனைகள் உருண்டுவிடும். போஸ்ட்ஸ்கிரிப்டின் இயல்பான கூர்மூட்டு இங்கே இல்லை. விளிம்பிலிருந்து தூரத்தை அளந்து வீங்கவைக்கும் கணக்கின் தடயம் இது. நம் ஊர் பிளெக்ஸ் பலகைகளில் தலைவர் பெயரைச் சுற்றி அடுத்தடுத்து எழும் மஞ்சளும் வெள்ளையும் முனை மழுங்கி நிற்பதில் இந்தத் தடயத்தைக் காணலாம்.

இதிலிருந்து குயிக்டிராவே போட்டோஷாப் ஸ்ட்ரோக்கின் மூதாதை என்று சொல்லிவிட முடியுமா? ஆசை இருக்கிறது, சான்று மெலிவு. போட்டோஷாப்பை உருவாக்கிய தாமஸ் நால் தன் நிரலை மேக்கின்டாஷில்தான் எழுதத் தொடங்கினார். தொடக்ககால மேக் பதிப்புகளின் எழுத்துப் பெட்டியில் புறக்கோடு, நிழல் என்ற தேர்வுகள் குயிக்டிராவின் பெயர்களோடே இருந்தன. ஆயினும் அந்தத் தேர்வுக்கும் 2000இன் அடுக்கு விளைவுக்கும் இடையே நேரடித் தொடர்ச்சியை இந்தச் சான்றுகள் காட்டவில்லை. புள்ளிகளால் ஆன படத்தை மட்டுமே கையில் வைத்திருக்கும் எவரும் வீங்கவைத்துக் கழிக்கும் வழிக்குத் தாமாகவே வந்து சேர்ந்திருக்கலாம். கிம்ப் என்ற படத்திருத்த நிரலின் பயனர்கள் எழுத்தைத் தேர்வாக மாற்றி, தேர்வை வளர்த்து, கீழடுக்கில் நிறம் நிரப்பியதும் இதே தர்க்கத்தில்தான். அவர்கள் யாரையோ பார்த்துச் செய்தார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. எனவே வம்சாவளி என்ற சொல்லைத் தவிர்த்து, ஒரே கணக்கு இருமுறை தோன்றியது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0, எழுத்துக் கருவிக்குள்ளேயே, பிற்பாடும் திருத்தக்கூடிய புறக்கோட்டைச் சேர்த்தது. தேர்வை வளர்ப்பது, எழுத்தைப் பாதையாக்கிக் கோடிழுப்பது என்று அதன் பயனர்களிடம் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்த இரு வழிகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன.