ஒருங்கிணைப்பும் உள்ளடக்கமும்: இந்தியக் கல்வி வரலாற்றில் இரு சொற்கள்

மாற்றுத்திறனாளி மாணவரைப் பொதுப்பள்ளியில் சேர்த்துக் கற்பிக்கும் முயற்சியைக் குறிக்க இந்தியக் கல்வி ஆவணங்களில் இரு தொடர்கள் வழங்கிவந்துள்ளன. ஒன்று ‘ஒருங்கிணைந்த கல்வி’. மற்றொன்று ‘உள்ளடக்கிய கல்வி’. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வாரும் உளர். எனினும் முன்னது மாணவர் வகுப்பறைக்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்ள வேண்டும் என எதிர்பார்த்தது. பின்னது வகுப்பறையே மாணவருக்கேற்ப நெகிழ வேண்டும் என்கிறது. இவ்வேறுபாடு சட்டத்தில் இடம்பெற நாற்பதாண்டுகளுக்கு மேலாயின.

இந்தியாவில் இத்தகைய கல்வி தனிப்பள்ளிகளிலேயே தொடங்கியது. பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி ஆனி சார்ப் என்னும் கிறித்தவ ஊழியரால் 1887இல் அமிர்தசரசில் நிறுவப்பெற்றது. தென்னாட்டில் பாளையங்கோட்டைப் பள்ளி 1890இல் தோன்றியது. இப்பள்ளிகள் ஆற்றிய பணி பெரிது. ஆயின் பிரெயில் எழுத்தில் ஒருமைப்பாடு இல்லாமையால், ஒரு பகுதியில் அச்சிட்ட நூல் மற்றொரு பகுதி மாணவருக்குப் பயன்படாத நிலை இருந்தது. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் இக்குறையை நீக்கிற்று. இந்திய மொழிகளில் ஒத்த ஒலிக்கு ஒரே புள்ளியமைப்பு என்பது அதன் அடிப்படை. தமிழ்க் ககரமும் இந்திக் ககரமும் விரலுக்கு ஒன்றே. அவ்வாண்டிலேயே தேராதூனில் நடுவண் பிரெயில் அச்சகமும் அமைந்தது. பொதுவகுப்பில் அமரும் பார்வையற்ற மாணவருக்குப் பாடநூல் வேண்டும் என்பதை நோக்க, எழுத்தை ஒன்றாக்கிய இம்முயற்சியைப் பிற்காலத்துத் திட்டங்கள் பலவற்றினும் முதன்மையானதாகக் கருதலாம். கல்வி வரலாற்று நூல்கள் இதற்கு உரிய இடம் அளிக்கவில்லை.

தனிப்பள்ளி தேவையானவர்க்கு மட்டுமே அமைய வேண்டும் என்னும் கருத்தை 1944ஆம் ஆண்டின் சார்சண்டு அறிக்கையிலேயே காணமுடிகிறது. கோத்தாரிக் குழுவும் (1964-66) இவர்தம் கல்வி பொதுக்கல்வியின் பிரிக்கவியலாப் பகுதி என்றது. இதன் செயல்வடிவாக 1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. நூல், சீருடை, போக்குவரத்து, பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டுவோர் ஆகியவற்றுக்கு அது உதவித்தொகை வழங்கியது. இத்திட்டத்தை 1982 வரை நடத்தியது கல்வித்துறை அன்று, சமூகநலத்துறை. கல்வி உரிமையாகவன்றி உதவியாகவே எண்ணப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பொதுவகுப்பு ஆசிரியர் தம் கற்பித்தல் முறையை மாற்றாமலே இருக்க இயன்றது. சிறப்பாசிரியரே அம்மாணவருக்குப் பொறுப்பு என்னும் எண்ணம் வேரூன்றியது. 1987இல் யுனிசெப் துணையுடன் தொடங்கிய திட்டம் இதனின்று வேறுபட்டது. அது தனிப்பள்ளி ஒன்றை அலகாகக் கொள்ளாது வட்டாரம் முழுவதையும் அலகாகக் கொண்டு, அங்குள்ள பொது ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தது.

ஊனமுற்றோர் சட்டம் (1995) பதினெட்டு வயது வரை கட்டணமில்லாக் கல்விக்கு வழிசெய்தது. ஆயினும் பொதுப்பள்ளிகளில் ஒருங்கிணைப்பை ‘ஊக்குவிக்க முயல வேண்டும்’ என்னும் அளவிலேயே அதன் வாசகம் நின்றது. முயற்சி கடமையாகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலும் ஒரு விடுபாடு நேர்ந்தது. நலிவுற்ற பிரிவினர் என்னும் வரையறையில் இக்குழந்தைகள் சேர்க்கப்படாமையால், தனியார் பள்ளிகளின் 25 விழுக்காட்டு இடங்களில் அவர்களுக்கு அவ்வரையறைவழி உரிமை கிட்டவில்லை. 2012இன் திருத்தம் அதனைச் சரிசெய்தது. அதே திருத்தம் கடுங்குறைபாடுடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் விருப்புரிமையையும் தந்தது. இது சிலர்க்கு இன்றியமையாதது. எனினும் பள்ளி தன் வாயிற்படியை மாற்றாதிருக்க ஒரு சாக்காகவும் அமையக்கூடும்.

ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றபின் இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டுச் சட்டமே உள்ளடக்கிய கல்விக்கு வரையறை தந்தது. குறைபாடுடையோரும் இல்லாதோரும் உடன்கற்றல், கற்பித்தல் முறையை அவரவர் தேவைக்கேற்பத் தகவமைத்தல் ஆகிய இரண்டும் அதில் அடங்கும். முன்னைச் சட்டத்தின் ஏழு வகைக் குறைபாடுகள் இதில் இருபத்தொன்றாயின. அருகமைப் பள்ளி, சிறப்புப்பள்ளி இரண்டில் எதையும் தெரிவுசெய்யும் உரிமையும் குழந்தைக்கு உண்டு.

தகவமைக்க ஆள் வேண்டும். தொடக்கநிலையில் பத்து மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைவருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை, உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் இட்ட ஆணையைத் தொடர்ந்து, நடுவண் அரசு 2022இல் வரையறுத்தது. பணியிடங்களை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என அதே வழக்கில் 2025 மார்ச்சில் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.