நகரும் கோடு: மருத்துவக் கல்லூரி பாஸ் மார்க் வழக்குகளின் வரலாறு



சேரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று தெரிந்தால் ஊருக்குள்ளிருந்து வருகிற முதல் கேள்வி "கோட்டாவா?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார். மார்க்கைக் குறைத்து உள்ளே விட்டிருக்கிறார்கள், அதனால் இந்த டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. இதைத் தெருவில் பேசுகிறவர்கள் தாமாக உருவாக்கவில்லை. எழுபது ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்த வாதங்களில் இதன் பெரும்பகுதி உருவாகியிருக்கிறது. இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு அந்த வழக்குகளையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். மருத்துவக் கல்லூரியில் பாஸ் மார்க் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று வாசலில், நுழைவுத் தேர்வில். மற்றொன்று உள்ளே, எம்.பி.பி.எஸ்., எம்.டி. பட்டத் தேர்வில். உள்ளே இருக்கிற பாஸ் மார்க்கில் இடஒதுக்கீடு என்பது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிகளின்படி எழுத்துத் தேர்வில் 50 விழுக்காடு, செய்முறையில் 50 விழுக்காடு என்று இருந்தது. எல்லாப் பாடங்களிலும் தேறி ஒன்றில் மட்டும் தவறியவருக்குப் பல்கலைக்கழகம் விரும்பினால் அதிகபட்சம் ஐந்து கருணை மதிப்பெண் தரலாம் என்றும் அவை சொல்லியிருந்தன. பறையர், அருந்ததியர், பிள்ளை, ஐயர் எல்லோருக்கும் இதே விதி. "கோட்டா டாக்டர்" என்று ஒருவர் கிடையாது, கோட்டாவில் சேர்ந்த மாணவர்தான் உண்டு. இதைப் படித்தவர்களிடமே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது நமக்கு அலுப்புத்தான்.

வழக்குகளின் தொடக்கம் நம் ஊர். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை 14 இடங்களுக்கு ஆறு பிராமணரல்லாத இந்துக்கள், இரண்டு பிற்பட்ட இந்துக்கள், இரண்டு பிராமணர், இரண்டு 'அரிஜனங்கள்', ஒன்று கிறிஸ்தவர், ஒன்று முஸ்லிம் என்று பங்கிட்டது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாதென்றது. மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமும் 15(4)-உம் வந்தன. இந்தக் கதையை நாம் பல மேடைகளில் பேசிவிட்டோம், கடந்துபோவோம். 'இடம்' பற்றிய வழக்கு முடிந்ததும் 'மார்க்' பற்றிய வழக்கு தொடங்கியது. அதைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

1980-இல் மத்தியப் பிரதேசத்தில் ஆறு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 720 இடங்கள். பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிக்கு 15 விழுக்காடு, ஆக ஒவ்வொன்றுக்கும் 108. நுழைவுத் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பொதுப் பிரிவுக்கு 50, இவர்களுக்கு 40. அதை எட்டியவர்கள் இடங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மாநில அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்தக் குறைந்தபட்சத்தை முழுமையாக நீக்கியது. இடம் கிடைக்காத பொதுப் பிரிவு மாணவி ஒருவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் அரசு ஆணையை ரத்து செய்தது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த வழக்கில் உண்மையில் எது பணயம் என்று பாருங்கள். ஒதுக்கப்பட்ட இடத்துக்குக் குறைந்தபட்ச மார்க் வைத்தால், அதை எட்டாதபோது அந்த இடம் காலியாகிறது. காலியான இடத்தில் வேறொருவர் போய் உட்காருவார். ஒதுக்கீட்டைச் சட்டப்படி கொடுத்துவிட்டு மார்க் வழியாகத் திருப்பி எடுத்துக்கொள்ள இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

1981-இல் நிவேதிதா ஜெயின் வழக்கின் தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது. நீதிபதி ஏ.என். சென் எழுதியது. உள்ளே வந்தவர்கள் எல்லோரும் ஒரே படிப்பைப் படித்து, ஒரே தேர்வை எழுதி, ஒரே மார்க்கில் தேறித்தான் டாக்டராக வெளியே போகிறார்கள், ஆகவே வாசலில் மார்க்கைத் தளர்த்துவதால் மருத்துவத்தின் தரம் குறைந்துவிடாது என்பது அதன் சாரம். 1994-இல் பீகாரின் அஜய் குமார் சிங் வழக்கில் இதே தர்க்கத்தை முதுநிலைப் படிப்புக்கும் நீட்டித்தார்கள். நம் தெருக்கேள்விக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்ன பதில் இது. பதினெட்டு ஆண்டுகள் அது சட்டமாகவும் இருந்தது.

1999 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அது கவிழ்ந்தது. பிரீதி ஸ்ரீவஸ்தவா வழக்கு, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு. முதுநிலை நுழைவுத் தேர்வில் உத்தரப் பிரதேசம் பொதுப் பிரிவுக்கு 45, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20 என்று வைத்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் பொதுப் பிரிவுக்கு 45, பட்டியல் சாதிக்கு 20, பழங்குடிக்கு 15. நீதிபதி சுஜாதா மனோகர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 45-க்கும் 20-க்கும் இடையிலான தூரம் ஏற்கத்தக்கதல்ல என்றது. இவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் ஒரே வகுப்பில் படித்துப் பயன் பெற முடியாது, இறுதித் தேர்வு ஒன்று என்பது மட்டுமே தரத்துக்கு உத்தரவாதமாகாது என்றது. குறைந்தபட்சத்தைத் தீர்மானிப்பது மத்தியப் பட்டியலின் 66-ஆவது பதிவின் கீழ் வரும், எனவே மருத்துவக் கவுன்சிலின் வேலை என்றும் சொன்னது. மாநில அரசின் கையிலிருந்த ஒரு சாவி தில்லிக்குப் போனது இப்படித்தான். நீதிபதி மஜ்முதார் இதில் வேறுபட்டார். மாநிலங்கள் தளர்த்தலாம், ஆனால் பொதுப் பிரிவு மார்க்கின் பாதிக்குக் கீழே போகக்கூடாது என்பது அவர் நிலை. சூப்பர் ஸ்பெஷாலிட்டியில் ஒதுக்கீடு கூடாதென்பதில் அவரும் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டார்.

அந்தத் தீர்ப்பை நாம் வெறும் எதிரியின் ஆவணமாகப் படித்து ஒதுக்கிவிடக் கூடாது. கல்வியின் தரம் எவற்றால் தீர்மானமாகிறது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆசிரியர்களின் திறன், பாடத்திட்டம், மாணவர்-ஆசிரியர் விகிதம், மருத்துவமனைப் படுக்கைகள், ஆய்வகம், சேர்க்கப்படும் மாணவர்களின் திறன், தேர்வுகள் நடத்தப்படும் தரம். கடைசியாகச் சொன்னதில் தாள்கள் திருத்தப்படும் விதமும் நோயாளி முன் மாணவரை மதிப்பிடும் விதமும் அடக்கம். இத்தனை காரணங்களைச் சொல்லிவிட்டு, பட்டியலில் ஒரே ஒரு வரியை மட்டும் எண்ணாக மாற்றி நம் தலையில் வைத்தார்கள். சேர்க்கப்படும் மாணவரின் மார்க். தனியார் கல்லூரியின் படுக்கை எண்ணிக்கையோ ஆசிரியர் எண்ணிக்கையோ 'கோட்டா' போல ஒரு வசவுச் சொல்லாக ஆகவில்லை.

அதன் பின் மருத்துவக் கவுன்சில் முதுநிலைக்குப் பொதுப் பிரிவு 50, ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 என்று விதித்தது. நீட் வந்தபோது இந்த விழுக்காடு 'பெர்சென்டைல்' ஆனது. இரண்டும் ஒன்றென்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். 50 விழுக்காடு என்றால் நூற்றுக்கு ஐம்பது மார்க். 50 பெர்சென்டைல் என்றால் தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே இருப்பது. பாதிப் பேர் எவ்வளவு மோசமாக எழுதினாலும் மேல்பாதி தேறிவிடும். அதாவது தரத்தின் பெயரால் வைத்த நிலையான கோட்டை எடுத்துவிட்டு, ஆண்டுதோறும் நகரும் கோடு ஒன்றை வைத்தார்கள்.

எவ்வளவு நகர்ந்தது? 2017 இளநிலை நீட் தேர்வில் 720-க்குப் பொதுப் பிரிவின் தேர்ச்சி மதிப்பெண் 131. நூற்றுக்குப் பதினெட்டு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு 107. இடைவெளி 24 மார்க், கேள்விக்கு நான்கு மார்க் வீதம் ஆறு கேள்விகள். 2018-இல் பொதுப் பிரிவுக்கு 119 போதுமானதாக இருந்தது. அது முதுநிலை, இது இளநிலை, இதில் தவறான விடைக்கு மார்க் கழிப்பார்கள் என்பதெல்லாம் நமக்கும் தெரியும். இருந்தாலும் 1999-இல் நம் மாணவர் எடுத்த 20 தரத்துக்கு ஆபத்து, 2017-இல் பொதுப் பிரிவு எடுத்த 18 'தகுதி' என்பதைச் சும்மா கடந்துபோக நம்மால் முடியவில்லை.

2017 என்றால் தமிழ்நாட்டில் வேறொரு எண் நினைவுக்கு வரும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. மருத்துவ கட்-ஆஃப் 200-க்கு 196.75. நீட்டில் 86. நுழைவுத் தேர்வே வேண்டாமென்று 2006-இல் தமிழகம் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்று, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கிலேயே சேர்க்கை நடந்துவந்த மாநிலம் இது. நீட்டையே 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது, 2016-இல் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017 ஆகஸ்ட் 22 அன்று தமிழகத்திலும் நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று உத்தரவானது. அந்த வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டு தில்லி வரை போன அனிதாவைச் செப்டம்பர் 1 அன்று இழந்தோம். அவரது 86-ஐ மறைத்துப் பேச வேண்டிய தேவை நமக்கில்லை. பன்னிரண்டு ஆண்டு படித்த பாடத்தில் 98 விழுக்காடு எடுத்தவரை, கோச்சிங் இல்லாமல் எழுதிய ஒரு மூன்று மணி நேரம் தகுதியற்றவர் என்றது. அதே மூன்று மணி நேரம் 131 எடுத்தவரைத் தகுதியுள்ளவர் என்றது. அந்த 131-ஐ வைத்துக்கொண்டு அரசு இடம் கிடைக்காது. பணம் இருந்தால் தனியார் இடம் கிடைக்கும். இந்தத் தேர்ச்சிக் கோடு யாருக்குப் பயன்பட்டது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கோடு இன்னும் இறங்கியது. 2020-21-இல் நாடு முழுக்க பல் மருத்துவத்தில் சுமார் 7,000 இடங்கள் காலி. பெர்சென்டைலைக் குறைக்க ஒன்றிய அரசு மறுத்தது. 2021 பிப்ரவரியில் ஹர்ஷித் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமே பத்து பெர்சென்டைல் குறைத்து உத்தரவிட்டது. 2023 செப்டம்பர் 20 அன்று முதுநிலை மருத்துவத்துக்கு ஒன்றிய சுகாதாரத் துறை ஒரு படி மேலே போனது. எல்லாப் பிரிவினருக்கும் தகுதி பூஜ்ய பெர்சென்டைல். தேர்வு எழுதியிருந்தால் போதும், மார்க் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும் கலந்தாய்வுக்கு வரலாம். 45-க்கும் 20-க்கும் இடையில் மருத்துவத்தின் தரமே விழுந்து நொறுங்கும் என்று கருதப்பட்ட அதே முதுநிலைப் படிப்பு இது. முணுமுணுப்பு எழாமலில்லை. ஆனால் 'ஜீரோ டாக்டர்' என்ற பட்டப்பெயர் யார் மீதும் ஒட்டவில்லை.

1980-இல் மத்தியப் பிரதேசம் செய்ததும் 2023-இல் ஒன்றிய அரசு செய்ததும் ஒரே காரியம். காலியாகும் இடத்தை நிரப்பக் குறைந்தபட்சத்தை நீக்குவது. அன்று நிரம்பியவை அரசுக் கல்லூரியில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உரிய இடங்கள். இன்று காலியாகக் கிடப்பவற்றில் தனியார் கல்லூரியின் அதிகக் கட்டண இடங்களும் சேர்ந்திருக்கின்றன.

இனி உள்ளே இருக்கும் பாஸ் மார்க்குக்கு வருவோம். அது எல்லோருக்கும் ஒன்று என்று முன்பு சொன்னோம். விதியில் ஒன்று. எழுத்துத் தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். வாய்மொழித் தேர்வில் மாணவர் நேரே உட்கார்ந்திருப்பார், பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு பற்றி ஆராய 2006-இல் அமைக்கப்பட்ட சுகதேவ் தோரட் குழுவிடம், மதிப்பீட்டின்போது நேரடியாகவோ சுற்றிவளைத்தோ சாதி கேட்கப்பட்டதாகப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சொன்னார்கள். தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையோடு இணைந்த வர்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு உடலியங்கியல் பாடத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கப்பட்டார்கள். அவர்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்கும் தேசியப் பட்டியல் சாதி ஆணையத்துக்கும் போனார்கள். ஆணையம் அமைத்த பாலச்சந்திர முங்கேகர் குழு 2012-இல் தந்த அறிக்கை, அங்கே நடந்தது சாதிப் பாகுபாடுதான் என்று சொன்னது. கவனியுங்கள், அந்த மாணவர்கள் பாஸ் மார்க்கைக் குறைக்கச் சொல்லிப் போகவில்லை. இருக்கிற 50-ஐ நேர்மையாகப் போடுங்கள் என்று கேட்டுப் போனார்கள்.

1999 தீர்ப்பின் பட்டியலில் தாள் திருத்தும் விதமும் தரத்தின் ஒரு பகுதி என்று எழுதியிருக்கிறதே, அந்த வரியைக் கையில் எடுத்து வழக்காடும் காலம் இது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019 இறுதியாண்டு மாணவர் அனைவருக்கும் 'நெக்ஸ்ட்' என்ற பொது வெளியேறும் தேர்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2023-இல் விதிகளை அறிவித்துவிட்டு அடுத்த மாதமே தள்ளிவைத்தார்கள். இளநிலையில் இரண்டு தாள் உள்ள பாடங்களுக்குத் தேர்ச்சி 40 விழுக்காடு என்று அதே ஆண்டு அறிவித்து, சில வாரங்களில் அதையும் திரும்பப் பெற்றார்கள். நெக்ஸ்ட் எப்போது வந்தாலும் அதில் செய்முறையும் வாய்மொழியும் உண்டு. வாய்மொழித் தேர்வை ஒலிப்பதிவு செய்வது, ஒருவர் ஒரே பாடத்தில் இரண்டாம் முறை தோற்றால் வெளி மாநிலத் தேர்வாளர் மதிப்பிடுவது, துறைவாரியாக யார் எத்தனை முறை தோற்றார்கள் என்ற கணக்கைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவது: இவற்றைக் கேட்டு ஆணையத்துக்கு அனுப்ப ஒரு மனு எழுதி இந்த அரங்கின் வாசலில் வைத்திருக்கிறோம். மருத்துவம் படிக்கும் தோழர்கள் கையெழுத்திடுவதற்கு முன், தங்கள் கல்லூரியில் நடந்ததைப் பெயர் குறிப்பிடாமல் பின்பக்கத்தில் எழுத இடம் விட்டிருக்கிறோம்.